பத்துப் பாக ஆழத்தில் எழுதுகோல்

தரங்கம்பாடிக்கு வடக்கே, பூம்புகார்க் கடலில், 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல் சிதைந்து கிடக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் சேர்ந்து நடத்திய தேடலில் அங்கிருந்து பீரங்கிகளும் ஈயக் கட்டிகளும் கிடைத்தன. சில கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் வார்ப்பிலேயே பதிந்திருக்கின்றன. பிளாக்கெட் குடும்பம் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்கள் நடத்தியது. ஆகவே இந்தக் கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்க முடியாது. இதை டேனியக் கப்பல் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் கையிலிருந்த தரங்கம்பாடி பக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பியப் போர்களில் டென்மார்க் நடுநிலை வகித்தது. அதனால் ஆங்கிலேயர் பணமும் பிறர் சரக்கும் டேனியக் கொடியின் கீழ் பயணம் செய்தன. தரங்கம்பாடி செழித்ததே அப்படித்தான். இங்கிலாந்து ஈயம் எந்த நாட்டுக் கப்பலிலும் ஏறியிருக்கலாம். அந்தக் கட்டியை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் கப்பலின் கொடி தெரியாது. கட்டிகள் அடித்தளத்தில் வரிசையாக அடுக்கப்பட்டுக் கிடந்தனவா, பீரங்கிகள் எந்தப் பக்கம் சரிந்தன, பலகையை எந்த ஆணி பிணைத்தது என்ற விவரங்கள்தாம் அதைச் சொல்லும். அவை கடலடியில் மட்டுமே இருக்கின்றன. பொருளைத் தூக்கிய கணமே அழிந்துவிடும். ஆகவே மூழ்கிய கப்பலைப் படிக்க வேண்டியவர் கரையில் உட்கார்ந்திருக்கக் கூடாது, தாமே இறங்க வேண்டும் என்பது என் வாதம்.

இது புதிய கருத்தல்ல. ஆனால் நம் கடற்கரையின் நீண்ட பழக்கம் இதற்கு நேர் எதிரானது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு முத்துப் பாரை நோக்கி இறங்குவார். ஒரு நிமிடம், சற்றுக் கூடினால் ஒன்றேகால் நிமிடம் தாக்குப்பிடிப்பார். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கழுத்து வலையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் இழுத்துத் தூக்குவார். சுறா அண்டாதிருக்க மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இருப்பார். எண்ணுவதும் எழுதுவதும் கரையில் நடந்தன. சிப்பிகளைக் குவியல்களாகப் பிரித்து, குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, அரசின் பங்கை ஆயிரக் கணக்கில் ஏலம் விட்டார்கள். தூத்துக்குடியில் 1961 வரை அரசு நடத்திய குளிப்புகளிலும் இந்த ஏற்பாட்டின் சாயல் உண்டு. பாரின் இயல்பையும் நீவாட்டையும் (நீரோட்டத்தையும்) உடலால் அறிந்தவர் ஒருவர், பேரேட்டில் எழுதியவர் வேறொருவர். இருவருக்கும் இடையில் பத்துப் பாகத் தண்ணீர் இருந்தது. சிப்பிக்கு அந்தப் பிரிவினை போதும், ஏனென்றால் ஒரு சிப்பி பாரில் எந்த மூலையில் கிடந்தது என்பதால் அதன் விலை மாறாது. கப்பலின் கதை அப்படியில்லை.

மற்ற நாடுகளும் இதே பிரிவினையோடுதான் தொடங்கின. 1900-இல் கிரேக்கத்தின் ஆன்டிகித்தெரா தீவருகே கடற்பஞ்சு எடுப்பவர்கள் ஒரு பழங்காலக் கப்பலைக் கண்டார்கள். அவர்களே இறங்கிச் சிலைகளை எடுத்தார்கள். அறிஞர்கள் மேல்தளத்தில் நின்றார்கள். ஒருவர் இறந்தார், இருவர் முடங்கினார்கள். கிடைத்த பொருள்கள் உலகப் புகழ் பெற்றன, ஆனால் அவை எந்த ஒழுங்கில் கிடந்தன என்பது போய்விட்டது. நிலைமையை மாற்றியவர் ஜார்ஜ் பாஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர். துருக்கியின் கெலிடோன்யா முனையில் கிடந்த வெண்கலக் காலக் கப்பலுக்காக அவர் முதலில் நீச்சல்குளத்தில் ஸ்கூபா கற்றார். 1960-இல் தாமே இறங்கி, நிலத்தில் குழி தோண்டும்போது கடைப்பிடிக்கும் அளவை முறையைக் கடலடியில் கையாண்டார். அவர் வளர்த்த நிறுவனம் அடுத்துச் செய்ததை நாம் கவனிக்க வேண்டும். துருக்கியின் கரையோர ஊர்களில் பஞ்செடுப்பவர்களிடம் பழைய செப்புக் கட்டிகள் எப்படியிருக்கும் என்று விளக்கினார்கள். 1982-இல் ஓர் இளைஞர், காது வைத்த உலோக பிஸ்கட்டுகளைக் கண்டதாகத் தம் தலைவரிடம் சொன்னார். உலுபுருன் என்ற பழங்காலக் கப்பல் அப்படித்தான் வெளிப்பட்டது. 44 மீட்டருக்கும் கீழே, பத்தாண்டுகளில் 22,000-க்கு மேற்பட்ட முக்குளிப்புகள் நடத்தி அதை அகழ்ந்தார்கள்.

அந்த எண்ணிக்கைக்குக் காரணம் உடலின் கணக்கு. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 19 மீட்டரில் கரையில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. அவசரமாக மேலேறினால் குமிழ்களாகி மூட்டையும் முதுகுத்தண்டையும் தாக்குகிறது. ஆடுகளை வைத்துச் சோதித்த உடலியலாளர் ஹால்டேன் 1908-இல் நேர அட்டவணைகளை வெளியிட்டார். இன்றைய முறைகள் அவற்றின் வழிவந்தவை. பூம்புகார் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தால் வழியில் நின்று நின்று ஏற வேண்டும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பல் 53 மீட்டரில் கிடக்கிறது. அங்கே சாதாரணக் காற்றே மயக்கம் தரும்; ஹீலியம் கலந்த வாயுவும் நீண்ட படிநிறுத்தங்களும் தேவை. இப்படி இறங்குவதற்கான பயிற்சியை அசையாத ஏரிகளில் தொடங்குவது பல நாடுகளில் வழக்கம். காவிரி வண்டல் கரைத்த நம் கடலில் அது போதாது. கை நீட்டினால் விரல் தெரியாத நாளிலும் கயிற்றைப் பிடித்துத் தேடவும், தொட்டே அளக்கவும், பலகையில் எழுதவும் பழக வேண்டும். ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த வாசா கப்பலைத் தூக்குவதற்காக அதன் அடியில் ஆறு சுரங்கப்பாதைகள் குடைந்த கடற்படை முக்குளிப்பாளர்கள் பெரும்பாலும் இருட்டில், கைத்தடவலில் வேலை செய்தவர்கள்தாம்.

தலைமுறை தலைமுறையாகக் கடலில் இறங்கியவர்கள் இருக்க, எதற்குச் செலவு பிடித்த பயிற்சி என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் திறமை உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் ஒரு மூச்சில் ஒரு நிமிடம் இறங்குபவருக்கு நைட்ரஜன் தீங்கு செய்ய நேரமில்லை. குழாய் வழியே காற்று வந்ததும் ஆபத்தின் தன்மையே மாறுகிறது. கம்ப்ரசர் காற்றில் சங்கெடுக்க இறங்கி, நேரக் கணக்குத் தெரியாமல் முடங்கிப்போனவர்கள் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் இருக்கிறார்கள். பழைய திறமையை நம்பி அட்டவணையைத் தவிர்ப்பது அவர்கள் உயிரோடு விளையாடுவது.

எந்திரங்கள் போதும் என்பது அடுத்த மறுப்பு. சோனார் ஒரு மேட்டைக் காட்டும், அந்த மேடு என்ன என்று சொல்லாது. தரங்கம்பாடி–பூம்புகார் கடற்பகுதியில் 1991-இல் கரையிலிருந்து 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவ அமைப்பொன்று கண்டறியப்பட்டது. அதன் மொத்த நீளம் 85 மீட்டர், உயரம் 2 மீட்டர். 2001-இல் அங்கே இறங்கிய எழுத்தாளர் கிரகாம் ஹான்காக், பனியுக முடிவுக்கு முந்தைய நாகரிகத்தின் சுவடு அது என்றார். இயற்கையாக அமைந்தது என்போரும் உண்டு. இந்த வழக்கைப் படங்கள் தீர்க்காது. கல் அடுக்கா, பாறைப் பிளவா என்று பாசியைச் சுரண்டி, இணைப்பைத் தடவி, மாதிரி எடுத்து, எடுத்த இடத்தைக் குறிக்கும் கை வேண்டும். சும்மா இறங்கிப் பார்த்தவர் சாட்சி மட்டுமே.

நிலத்திலேயே தோண்டாத மேடுகள் எத்தனையோ, கடலுக்கு ஏன் பணம் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் தூக்க வேண்டாம், இடத்திலேயே விட்டுப் பாதுகாப்பதே நல்லது என்று 2001-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும் சொல்கிறது. ஆனால் விட்டுவைத்த கப்பலையும் யாராவது போய்ப் பார்த்து வர வேண்டுமே! இழுவலை ஒருமுறை அடியைக் கீறினால் இருநூறு ஆண்டு அடுக்கு கலைந்துவிடும். இலங்கை இதில் நமக்கு முன்னோடி. காலித் துறைமுகத்தில் 1659-இல் மூழ்கிய ஆவொண்ட்ஸ்டர் என்ற டச்சுக் கப்பல் ஐந்து மீட்டர் ஆழம்கூட இல்லாத நீரில் கிடந்தது. டச்சு உதவியுடன், அந்தக் கப்பலையே பள்ளிக்கூடமாக்கி உள்ளூர்த் தொல்லியலாளர்கள் இறங்கக் கற்றார்கள். 2004 சுனாமியில் அவர்களுடைய கட்டடமும் மீட்ட பொருள்கள் பலவும் அடித்துச் செல்லப்பட்டன. கற்றவர்கள் எஞ்சியிருந்ததால் பணியைத் திரும்பத் தொடங்க முடிந்தது.

இந்தியாவிலும் வழி தெரிந்தவர்கள் உண்டு. எஸ். ஆர். ராவ் 1980-களின் தொடக்கத்தில் கோவாவில் கட்டிய குழுவினர் இறங்கத் தெரிந்த தொல்லியலாளர்கள். 2001-இல் மத்தியத் தொல்லியல் துறையிலும் ஒரு பிரிவு உருவாகி, லட்சத்தீவின் பங்காரம் அருகே பிரின்சஸ் ராயல் கப்பலை ஆய்ந்தது. பூம்புகார்க் கரையிலோ 1990-களின் தேடல்கள் தொடர்ந்த அகழாய்வாக வளரவில்லை. 2025-இல் தமிழகத் தொல்லியல் துறை பூம்புகார்–நாகப்பட்டினம் கடலில் மறுபடி இறங்கியிருப்பது மகிழ்ச்சியானது. இந்தமுறை பயிற்சி இங்கேயே வேரூன்ற வேண்டும் என்று விரும்புகிறேன். வலை எங்கே கிழிகிறது என்று தரங்கம்பாடி, சின்னங்குடி, வானகிரி மீனவர்களுக்குத் தெரியும். அன்று கோபுரத்தை அடையாளம் வைத்தார்கள், இன்று ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைக்கிறார்கள். காரைக்காலுக்கு அப்பால் போர்த்துகீசியர் மூழ்கடித்த, டேனியரின் முதல் கப்பல்களில் ஒன்றான ஓரெசுண்டைத் தேடுவதற்கும் அந்தப் புள்ளிகளே தொடக்கம். அந்த வீடுகளின் பிள்ளைகளில் சிலரைத் தொல்லியல் மாணவர்களோடு ஒரே வகுப்பில் சேர்க்கலாம்: மீனவப் பிள்ளைகளுக்கு அட்டவணையும் அளவையும், மாணவர்களுக்கு நீவாடும் கலங்கலும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், இழுவலை ஓடாது, படகுக்காரர்களுக்கு வருமானமும் இராது. நாட்கூலியோடு முதல் வகுப்பைத் தொடங்க அந்த இரண்டு மாதங்களே தோதானவை.