கிரிப்ஸ் வீட்டுத் திருமணமும் கென்டே அணிந்த மணமகனும்

இந்திய வரலாறு பயிலும் மாணவருக்கு சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் என்ற பெயர் 1942 ஆம் ஆண்டுத் தூதில் தொடங்கி, 1946 ஆம் ஆண்டு அமைச்சரவைத் தூதுக்குழுவோடு முடிந்துவிடுகிறது. முன்மொழிவு என்ன, காங்கிரஸ் ஏன் மறுத்தது, லீக் ஏன் மறுத்தது என்று எழுதிவிட்டால் வினா முடிந்தது. அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது என்பது நம் பாடநூல்களின் அக்கறைக்கு அப்பாற்பட்டது. ஆனால் அவருடைய கடைசி மகளின் திருமணத்தைத் தொடர்ந்து சென்றால், டெல்லியில் தொடங்கிய பாதை மேற்கு ஆப்பிரிக்காவின் குமாசி நகரில் போய் முடிகிறது. திருமண வரலாறு அரசியல் வரலாற்றின் ஓரக்குறிப்பு என்று கருதும் ஆய்வு மாணவர்களுக்காகவே இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

1953 ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியின் தேவாலயத்தில் பெக்கி கிரிப்ஸுக்கும் ஜோ அப்பியாவுக்கும் திருமணம் நடந்தது. மணமகன் அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட காலனியைச் சேர்ந்தவர், அசாந்தே இனத்தவர், குமாசியில் பிறந்தவர், லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். 1925 இல் தொடங்கப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தின் தலைவராகவும், குவாமே நிக்ருமாவின் லண்டன் பிரதிநிதியாகவும் விளங்கியவர். மணமகளோ முன்னாள் நிதியமைச்சரின் மகள். இன நல்லிணக்கத்துக்கான ஓர் அமைப்பில் செயலாளராகப் பணியாற்றியவர். தந்தை 1952 ஏப்ரலில் இறந்ததால் திருமணம் தள்ளிப்போயிற்று. தாய் இசபெல் கிரிப்ஸ் திருமணத்தைத் தடுக்கவில்லை. முதலில் அந்த நாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார். (இசபெல், ஈனோ உப்பைத் தயாரித்த ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோவின் பேத்தி. நம் வீடுகளில் வயிற்றுப் பொருமலுக்குக் கரைத்துக் குடிக்கும் அதே ஈனோதான்!)

விருந்தினர் வரிசையைக் கவனிக்க வேண்டும். அன்யூரின் பெவன், ஹ்யூ கெய்ட்ஸ்கெல், மைக்கேல் ஃபுட் எனத் தொழிற்கட்சியின் முன்னணியினர் வந்திருந்தனர். டிரினிடாடில் பிறந்த பான்-ஆப்பிரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் பாட்மோர் மணமகனின் தோழராக நின்றார். இந்தியாவின் சார்பில் வி. கே. கிருஷ்ண மேனன். இவர்களுள் மேனனும் பெவனும் கிரிப்ஸ் குடும்பத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1938 ஜூனில் ஃபில்கின்ஸ் சிற்றூரில் இருந்த கிரிப்ஸின் வீட்டில் நேரு, மேனன், அட்லி, பெவன், ஹெரால்டு லாஸ்கி ஆகியோர் கூடி, தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தால் இந்தியாவுக்கு அதிகாரத்தை எவ்வாறு கைமாற்றுவது என்று விவாதித்தனர். அதிகார மாற்றத்தின் முன்வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் சந்திப்பு அது. அந்த வீடுதான் பெக்கி வளர்ந்த வீடு. பேரரசு எதிர்ப்பு என்பது அவருக்குக் கூட்டங்களில் கேட்டறிந்த கொள்கையாக மட்டும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

எனினும் அக்கட்சியின் தூய்மையைப் பற்றி மிகையான எண்ணம் வேண்டியதில்லை. பெச்சுவானாலாந்தின் இளவரசர் செரெட்சே காமா 1948 இல் ரூத் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணை மணந்தபோது, தென்னாப்பிரிக்காவின் மனம் கோணாதிருக்க அவரைத் தாய்நாட்டிலிருந்து விலக்கிவைத்தது தொழிற்கட்சி அரசுதான். 1950 மார்ச்சில் அம்முடிவு அறிவிக்கப்பட்டபோது கிரிப்ஸ் அதே அமைச்சரவையில் நிதியமைச்சர். தென்னாப்பிரிக்கா அதற்கு முந்தைய ஆண்டே கலப்பு மணத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. கிரிப்ஸ் மகளின் திருமணப் புகைப்படத்தை அந்நாட்டின் நீதி அமைச்சர் சார்ல்ஸ் ஸ்வார்ட் நாடாளுமன்றத்திலேயே சுட்டிக்காட்டி அருவருப்பைக் கொட்டினார். ஒரு தேவாலய வாசலில் எடுக்கப்பட்ட படம் ஓர் அரசை அவ்வளவு தூரம் நடுக்கியது.

அந்தப் படத்தில் மணமகன் கோட்டு அணிந்திருக்கவில்லை. கென்டே அணிந்திருந்தார். இதை வெறும் அலங்காரமாக எடுத்துக்கொள்ளலாகாது. கென்டே என்பது ஏறத்தாழ நான்கு அங்குல அகலமுள்ள பட்டைகளாகக் குறுந்தறியில் ஆண்கள் நெய்து, பட்டைகளைப் பக்கவாட்டில் இணைத்துத் தைக்கும் ஆடை. குமாசிக்கு அருகிலுள்ள பொன்விரே இதற்குப் பேர்போன ஊர். ஆடவர் இதை இடத்தோள்மேல் சுற்றி, வலத்தோள் திறந்திருக்க அணிவர். இதன் ‘தொன்மை’ பற்றிப் பேசும்போது ஒரு செய்தியை நினைவில் கொள்வது நல்லது: 18 ஆம் நூற்றாண்டில் அசாந்தே மன்னர் முதலாம் ஒபொக்கு வாரே, கடல்வழி வந்த அயல்நாட்டுப் பட்டுத் துணிகளைப் பிரித்து, அந்த நூலைக் கொண்டு உள்ளூர் நெசவாளர்களை நெய்யச் செய்தார் என்று டேனிய வணிகரின் குறிப்பு கூறுகிறது. உள்ளூர் மரபின் உச்சம் என்று கொண்டாடப்படும் ஆடையின் இழையிலேயே உலக வணிகம் இருந்திருக்கிறது. அதனால் அது அசாந்தேயருக்கு உரியதல்லாமல் போய்விடவில்லை. பிரித்து மீண்டும் நெய்ததில்தான் அவர்களின் உரிமை இருக்கிறது.

ஒவ்வொரு கென்டே வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பெயருக்குள் அரசியலும் உண்டு. 1957 ஆம் ஆண்டின் இறுதி நாளில் கானாவின் பிரதமர் நிக்ருமா, எகிப்தின் காப்டிக் கிறித்தவப் பெண்ணான ஃபாத்தியாவை மணந்தபோது ஒரு வடிவம் ‘ஃபாத்தியா நிக்ருமாவுக்கு ஏற்றவள்’ என்னும் பொருள்படப் பெயர் பெற்றது. 1966 பிப்ரவரியில் நிக்ருமா கவிழ்க்கப்பட்டதும் அதே வடிவத்துக்கு ‘ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை’ என்ற பெயர் வந்தது. துணி மாறவில்லை. பெயர் மட்டும் மாறியது! ஆவணக் காப்பகத்தில் மட்டும் வரலாற்றைத் தேடுவோர் இத்தகைய சான்றுகளைத் தவறவிட்டுவிடுகின்றனர்.

லண்டன் செய்தித்தாள்களுக்கு அப்பியா–கிரிப்ஸ் திருமணத்தில் எழுந்த ஒரே கேள்வி நிறம். குமாசியின் உறவுமுறையிலிருந்து பார்த்தால் கேள்வி வேறு: பிறக்கும் குழந்தை யாருடையது?

அசாந்தேயர் உள்ளிட்ட அக்கான் மக்களிடையே குலம் தாய்வழியாக வருவது. தாயின் குருதிவழிக் குழுவுக்கு ‘அபுசுவா’ என்று பெயர். பெயர் சூட்டுவதும் உயிர்ப்பண்பை அளிப்பதும் தந்தையின் பங்கு. ஆயினும் குழந்தை தாயின் அபுசுவாவைச் சேரும். ஓர் ஆணின் சொத்து மரபுப்படி அவனுடைய மக்களுக்கன்று, உடன்பிறந்தாருக்கும் சகோதரியின் மக்களுக்கும் செல்லும். நாம் மருமக்கள்தாயம் என்று அறிந்திருப்பதற்கு நெருங்கிய ஏற்பாடு. ஆகவே மரபுத் திருமணத்தில் மணமகன் வீட்டார் ‘கதவு தட்டி’ வருவதும், பெண்ணின் குடும்பம் ‘தலைக்கான மது’வை ஏற்றுக்கொள்வதும், பெண்ணிடம் சம்மதம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதும் இரு குலங்களுக்கிடையிலான உடன்பாட்டைக் குறிக்குமேயன்றி, பெண் தன் குலத்தை விட்டுக் கணவன் குலத்தில் கரைவதைக் குறிப்பதில்லை. மணமான பின்னும் இருவரும் இரு குலத்தவரே.

ஆங்கில முறையிலோ குழந்தை தந்தை வழியினது. எனவே அப்பியா–பெக்கி தம்பதியின் நான்கு மக்களையும் இங்கிலாந்து கானாவைச் சேர்ந்தவர்கள் என்று கைகாட்டும். அசாந்தே மரபு இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள் என்று கைகாட்டும். இந்த முரணை அவர்களின் மகனும் மெய்யியல் அறிஞருமான குவாமே ஆன்டனி அப்பியாவே எழுதியிருக்கிறார்.

இச்சிக்கலுக்குக் காலனிய அரசும் தன் பங்கைச் சேர்த்திருந்தது. 1884 ஆம் ஆண்டுத் திருமண ஆணைச் சட்டம் ஒருதார மணத்தைப் பதிவுக்குரியதாக்கி, மரபுத் திருமணத்துக்கு அருகில் ஓர் உயர்ந்த படியை உண்டாக்கியது. இன்றும் கானாவில் மரபுத் திருமணத்தைப் பலர் ‘நிச்சயதார்த்தம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிப்பிட்டு, வெள்ளை உடுப்புத் தேவாலயச் சடங்கையே ‘திருமணம்’ என்கின்றனர். சட்டத்தின் கண்ணில் மரபுத் திருமணமே முழுமையான திருமணம். மிஷனரிகளின் படிநிலை மக்களின் பேச்சில் குடியேறிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

திருமண நாளில் மறைந்திருந்த கேள்வி 37 ஆண்டுகளுக்குப் பின் சாவு வீட்டில் வெளிப்பட்டது. இடைக்காலத்தில் ஜோ அப்பியா நிக்ருமாவை விட்டு விலகி எதிரணியில் சேர்ந்தார், நாடாளுமன்ற உறுப்பினரானார், 1961 இல் தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் சிறைவைக்கப்பட்டார். கணவர் சிறையிலிருந்தபோதும் பெக்கி கானாவை விட்டுச் செல்லவில்லை. 1990 இல் ஜோ இறந்தார். அக்கான் வழக்கப்படி உடல் அபுசுவாவுக்கு உரியது. இறுதிச்சடங்கு எங்கே, எப்போது, யார் முன்னிற்பது என்பதை முடிவுசெய்வது அக்குலமே. ஜோவோ தம் உயிலின் பிற்சேர்க்கையில் அந்தப் பொறுப்பை மனைவிக்கும் மெதடிஸ்ட் திருச்சபைக்கும் எழுதிவைத்திருந்தார். அவருடைய சகோதரி அசாந்தே மன்னரின் துணைவியார். ஆகவே எதிரில் நின்றது குலம் மட்டுமன்று, அரண்மனையும்கூட. மகன் ‘என் தந்தையின் இல்லத்தில்’ என்னும் நூலின் இறுதிப் பகுதியில் இந்த இழுபறியை விவரித்துள்ளார். நூலின் மெய்யியல் இயல்களைக் காட்டிலும் எனக்கு அப்பகுதியே முதன்மையாகப் படுகிறது. ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு இரு வரையறைகள் ஒரே உடலின்மேல் உரிமை கோரும் காட்சி அது.

இது ஒரு குடும்பத்தின் வழக்கு மட்டுமன்று. கணவனை இழந்த பெண்களும் அவர்களின் மக்களும் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட கதைகள் அந்நாட்டில் மிகப் பல. 1985 ஆம் ஆண்டின் உயிலில்லாச் சொத்துரிமைச் சட்டம் அதற்காகவே வந்தது. வீடும் வீட்டுப் பொருட்களும் துணைவருக்கும் மக்களுக்கும். எஞ்சியதில் பதினாறில் 9 பங்கு மக்களுக்கு, 3 பங்கு துணைவருக்கு, எட்டில் ஒரு பங்கு பெற்றோருக்கு, எட்டில் ஒரு பங்கு மட்டும் மரபுக் குலத்துக்கு. குலம் முற்றாக விலக்கப்படவில்லை. ஆனால் யார் முன், யார் பின் என்ற வரிசையை அரசு தலைகீழாக்கிவிட்டது. பெண்ணுரிமை நோக்கில் இது தேவையான மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணவனிடமிருந்து வேறாகப் பெண்ணுக்கு நிலையான இடம் தந்த தாய்க்குலத்தின் பிடி இதனால் தளர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெக்கி அப்பியா குமாசியிலேயே தங்கிவிட்டார். அனான்சி என்னும் சிலந்தியின் கதைகளைச் சிறுவர்களுக்காக எழுதினார். பொன் நிறுக்கப் பயன்பட்ட பித்தளை எடைக்கற்களைச் சேகரித்தார். 7000க்கும் மேற்பட்ட அக்கான் பழமொழிகளைத் திரட்டி, மகனோடும் இன்னொரு அறிஞரோடும் சேர்ந்து மொழிபெயர்த்து நூலாக்கினார். எந்த அபுசுவாவிலும் பிறக்காத ஒரு பெண், அம்மொழியின் மிகப் பெரிய பழமொழித் தொகுதிகளுள் ஒன்றை விட்டுச்சென்றிருக்கிறார். 2006 பிப்ரவரியில் குமாசியில் இறந்து, கணவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.