நக்கோ

ஹைதராபாத்தின் தக்கனி உருதுவில் மறுப்புக்கும் விலக்குக்கும் வழங்கும் வினைவடிவம். மராத்தி ‘நகோ’விலிருந்து வந்தது.

1327-ல் முகமது பின் துக்ளக் தலைநகரை மராத்தி வழங்கும் தௌலதாபாத்துக்கு மாற்றியபோது, டில்லிப் பேச்சும் தெற்கே வந்தது. அது உள்ளூர் மொழிகளோடு பழகித் தக்கனியானது. 1591-ல் ஹைதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப் ஷா தக்கனியில் கவிதை எழுதியவர்.

பயன்பாடு இரண்டு வகை. ‘மேரெகு சாய் நக்கோ’ என்றால் எனக்குத் தேநீர் வேண்டாம். ‘உதர் நக்கோ ஜாவ்’ என்றால் அங்கே போகாதீர்கள். பொது உருது முதலாவதற்கு ‘நஹீ(ன்) சாஹியே’ என்றும் இரண்டாவதற்கு ‘மத்’ என்றும் பிரித்துக்கொள்ளும். நக்கோ இரண்டையும் தானே சுமக்கிறது. பக்கத்திலிருக்கும் தெலுங்கு ‘வத்து’வும், நம் ‘வேண்டாம்’ என்பதும் அப்படியே. தமிழருக்கு இது எளிதில் பிடிபடுவதில் வியப்பில்லை.

மராத்தியில் மரியாதைக்கு ‘நகா’ என்று மாறும். ஹைதராபாத்தில் அந்தச் சிரமம் கிடையாது. ‘ஜா’, ‘ஜாவ்’ என அடுத்து வரும் வினை மரியாதையைப் பார்த்துக்கொள்ளும். நக்கோ தனித்து நின்றால் முழு மறுமொழி. எதிர்ச்சொல்லாக ‘ஹவ்’ (ஆமாம்) உண்டு.

இந்திப் படங்களில் நடிகர் மெஹ்மூத் இந்தப் பேச்சை நகைச்சுவையாக்கினார்; 2005-ல் வந்த ‘தி அங்ரேஸ்’ நகைச்சுவைப் படம் ஹைதராபாத் பழைய நகரத்துத் தக்கனியில் அமைந்தது. கேலிக்குரிய கொச்சை என்று இதை ஒதுக்குவோர் அதன் இலக்கிய வயதை மறந்துவிடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி உருது வீடுகளிலும் நக்கோ கேட்கும்.