வயலுக்கு ஈடாகுமா வீட்டுமனை?

சேத்தியாத்தோப்பு வழியே செல்வோர் வெள்ளாற்று அணைக்கட்டைக் காண்பர்; சற்றுத் தெற்கே வீராணம் ஏரியையும் காண்பர். பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பெற்ற அவ்வேரி, பராந்தக சோழனின் விருதுப் பெயரால் வீரநாராயணப் பேரேரி எனப்பெற்றது. இந்நீர்வளம் மிக்க வட்டாரத்தின் நிலத்தடியிலே பழுப்பு நிலக்கரி கிடப்பதுதான் இதன் பேறும் துயரும்.

1956-இல் நெய்வேலி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படிவத்தின் கீழே நீரூற்று பேரழுத்தத்துடன் நிற்கிறது; இரவு பகலாக அதனை இறைத்தாலன்றிச் சுரங்கம் தோண்ட இயலாது. ஊர்கள் காலி செய்யப்பட்டன. ஊழியர்க்கு மரநிழல் வீதிகளுடன் வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. அந்த மின்சாரத்தால் நம் வீட்டு விளக்குகளும் எரிந்தன. அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் இடம்பெயர்ந்தவர்க்குத் தரும் வீட்டுமனை, விளைந்த வயலுக்கு ஈடாகுமா என்பதே அங்குள்ளோர் ஓயாது கேட்கும் கேள்வி.

2023 மார்ச்சில் ‘சேத்தியாத்தோப்புக் கிழக்கு’ நிலக்கரிப் பகுதி ஏலப் பட்டியலில் இடம்பெற்றது. உழவர்களும் மாநில அரசும் எதிர்க்கவே, ஒன்றிய அரசு அதனை நீக்கியது. நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை. ஜூலை 26 அன்று வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, கதிர் முற்றாத நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல்லாண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அறுவடை வரையேனும் பொறுத்திருக்கலாகாதா? பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தருமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.