ஜொகூரில் வாடகை வீடு: எரிசக்திச் சான்றிதழ் கேட்க முடியுமா?

ஜொகூர் பாருவில் வாடகை வீடு தேடுறீங்களா? பிரிட்டனில் வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் பொதுவாக எரிசக்திச் சான்றிதழ் காட்டியாக வேண்டும். ஏ முதல் ஜி வரை தரம் போட்டிருக்கும். இங்கே வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நம்மிடம் இருப்பது 2024ஆம் ஆண்டு எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம். 2025 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் அமலில் உள்ளது. ஜொகூரும் அதில் அடக்கம். ஆனால், லேபிள் பெற வேண்டியவை 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள அலுவலகக் கட்டடங்கள். உங்க அபார்ட்மெண்ட் இல்லை.

இதுல சிக்கல் எங்கேன்னா, ஏர்கோன் வாங்குவது வீட்டுக்காரர், பில் கட்டுவது நீங்கள். அவர் மலிவுன்னு பழைய மாடலை மாட்டியிருந்தா, மாசாமாசம் செலவு உங்க தலையில்தான்.

அதனால் வீடு பார்க்கும்போதே ஏர்கோன், ஃபிரிட்ஜில் எரிசக்தி ஆணையத்தின் லேபிள் இருக்கான்னு பாருங்கள். 5 நட்சத்திரம்தான் அதிகச் சிக்கனம். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன், கடந்த சில மாத தெனாகா நேஷனல் பில்லைக் கேளுங்கள். ரிங்கிட்டை விட, எத்தனை கிலோவாட் மணி என்பதே முக்கியம். அப்போது எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்றும் விசாரியுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டின் பில் குறைவாகத்தான் இருக்கும்.