கூலியை அளந்த கடிகாரம்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் வரலாறு படித்தவள் அல்ல. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் டிப்ளமோ முடித்து, இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் செவிலியாக இருப்பவள். ஒரு சம்பளச் சீட்டுதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவந்தது.

இங்கு வந்த புதிதில், வார இறுதிகளில் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலையும் செய்தேன். அறிவுசார் குறைபாடு உள்ள நான்கு பேர் சேர்ந்து வாழும் ஒரு வீடு. அதில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு நான் இன்சுலின் போட வேண்டும். பகலில் ஒரு பட்டறையில் பிளாஸ்டிக் முள்கரண்டியையும் காகிதக் கைத்துண்டையும் உறையில் போட்டு ஒட்டுவார். ஒருநாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த சம்பளச் சீட்டைப் பெருமையோடு காட்டினார். இரண்டு வார வேலைக்கு 14 டாலர். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். “உங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்டார். “கொஞ்சம் அதிகம்” என்று மழுப்பினேன். “அப்படியானால் நீங்கள் ரொம்ப வேகமாக வேலை செய்வீர்கள், இல்லையா?” என்றார். அந்தக் கேள்வியின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

வேர் 1938-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 25 அன்று அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நியாயமான தொழிலாளர் தரங்கள் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கா முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் அன்றுதான் பிறந்தது: மணிக்கு 25 சென்ட். ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஒரு விலக்கு அளித்தது. வயதாலோ, உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ, காயத்தாலோ உழைக்கும் திறன் குறைந்தவர்களுக்கு, அரசிடம் சான்றிதழ் பெற்றுக்கொண்டு அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். கையெழுத்திட்ட ரூஸ்வெல்ட்டே 1921-இல் இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்தவர்.

அதே நாளில் வாக்னர்–ஓடே சட்டம் என்ற இன்னொரு சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார். பார்வையற்றோர் பட்டறைகளில் செய்யும் துடைப்பம் போன்ற பொருள்களை மத்திய அரசு வாங்க வேண்டும் என்றது அது. 1971-இல் மற்றக் கடுமையான குறைபாடுகள் உள்ளவர்களுக்கும் அது விரிந்தது. ஒரே நாளில் ஒரு கை வேலையைக் கொடுத்தது, மறு கை கூலியைக் குறைத்தது. இரண்டையும் செய்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். முழுக் கூலி கேட்டால் இவர்களை யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

குறைந்த கூலியை எப்படிக் கணக்கிடுவார்கள்? குறைபாடு இல்லாத ஒருவரை அந்த வேலையைச் செய்யச் சொல்லி ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பார்கள். அவர் ஒரு மணி நேரத்தில் 60 உறை ஒட்டுகிறார், நம் ஆள் 15 ஒட்டுகிறார் என்றால் கால் பங்கு. வெளியில் அந்த வேலைக்கு 8 டாலர் என்றால் இவருக்கு 2 டாலர். மணிக்கூலி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அளக்க வேண்டும். 1966-இல் பொதுவாகக் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு தரை போட்டார்கள், அதிலும் சில விலக்குகளோடு. 1986-இல் அந்தத் தரையையும் எடுத்துவிட்டார்கள். 14 டாலர் சீட்டு எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் என்னிடம் அப்படிக் கேட்ட நாள்களில், ஆஸ்பத்திரி வார்டிலேயே மிக மெதுவானவள் நான்தான். கணினியில் குறிப்பு எழுதத் தெரியாது, மருந்துகளின் பெயர்கள் வேறு, டாக்டர்கள் பேசும் ஆங்கிலம் பாதிதான் காதில் ஏறும். பக்கத்துச் செவிலி ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். யாரும் ஸ்டாப்வாட்ச் எடுத்து வரவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரே வகை மணிக்கூலி. பழகிக்கொள்ள ஒரு மூத்த செவிலியையும் கூட நிறுத்தினார்கள். மெதுவாக வேலை செய்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளியின் கூலியை மட்டும்தான் அந்தச் சட்டம் கடிகாரத்தில் அளந்தது.

அளக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஐயோவா மாநிலத்தில் அட்டாலிசா என்ற சிற்றூர். ஹென்றிஸ் டர்க்கி சர்வீஸ் என்ற டெக்சாஸ் நிறுவனம், டெக்சாஸின் அரசு விடுதிகளில் வளர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள ஆண்களை 1970-களில் அங்கே கொண்டுபோனது. மலைமேல் இருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கவைத்தது. அருகிலிருந்த ஆலையில் வான்கோழிகளின் குடலை உருவும் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓடியது. கைக்கு வந்தது மாதம் 65 டாலர். அதே வேலை செய்த மற்றவர்களுக்கு மணிக்கு 11, 12 டாலர். 2009-இல் விஷயம் வெளியே வந்து அதிகாரிகள் போனபோது, கரப்பான் பூச்சி மண்டிய அந்தக் கட்டடத்திலிருந்து அவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. 2013 மே மாதம் நடுவர் குழு 32 பேருக்கு 24 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பளித்தது. சிறிய நிறுவனங்களுக்குச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பால் அது 16 லட்சம் டாலராகச் சுருங்கியது. ஆளுக்கு 50,000. வாலிபத்தில் போய் முதுமையில் திரும்பியவர்களுக்கு.

மத்தியச் சட்டம் அசையாத இடத்தில் மாநிலங்கள் அசைந்தன. வெர்மாண்ட் மாநிலம் 2002-இல் தன் கடைசித் தனிப் பட்டறையை மூடி, மற்றவர்களோடு சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு ஆட்களை அனுப்பியது. நியூ ஹாம்ப்ஷயர் 2015-இல், மேரிலாந்து 2016-இல் சட்டம் செய்தன. அலாஸ்கா 2018-இல் தன் பழைய விதியையே நீக்கியது. கலிபோர்னியா 2021-இல் சட்டம் செய்து 2025 தொடக்கத்தோடு குறைகூலியை முடித்தது.

அந்த ஆண்களை அனுப்பிவைத்த டெக்சாஸுக்கு வருவோம். இங்கே அரசு அலுவலகங்களைச் சுத்தம் செய்வது போன்ற பணிகளையும் சில பொருள்களையும் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் அமைப்புகளிடமிருந்து அரசு வாங்குகிறது. 2019-இல் சட்டமன்றம் ஒரு நிபந்தனை போட்டது: அரசுக்காகச் செய்யும் அந்த வேலைக்கு மத்தியக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலராவது கொடுத்தாக வேண்டும். மாறிக்கொள்ள அவகாசமும் கொடுத்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அரசின் பணத்தில் இனி அந்தக் கடிகாரம் ஓடாது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எதிர்த்தவர்களில் பலர் பெற்றோர். எழுபது வயது அம்மாக்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்: “பட்டறையை மூடிவிட்டால் என் மகன் பகலெல்லாம் எங்கே இருப்பான்?” அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. சம்பளம் ஏறினால் உதவித்தொகை குறையும். கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால் அது நின்றே போகும். அதோடு மருத்துவக் காப்பீடும் போய்விடுமோ என்ற பயம் வேறு. கூலியை உயர்த்தும் விதி மட்டும் போதாது. வேலையிடத்தில் கூட நின்று பழக்கும் ஆள், போய்வர வண்டி, உதவி அறுந்துபோகாது என்ற உறுதி, இவையும் சேர்ந்து வர வேண்டும். எனக்கு அந்த மூத்த செவிலி கிடைத்த மாதிரி.

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் திராட்சைத் தோட்ட உவமை கேட்டிருக்கிறேன். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் எஜமான் முழு நாள் கூலி கொடுக்கிறார். இது என்ன நியாயம் என்று அப்போது எனக்குக் கோபம் வரும். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். சோம்பலால் நின்றவர்கள் இல்லை அவர்கள்.

முள்கரண்டி ஒட்டியவரின் சீட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் எதையும் மாற்றியிருக்காது. அவர் பட்டறை அரசுக்கு விற்கவில்லை, தனியாருக்குத்தான் விற்றது. அங்கே 1938-இன் கடிகாரம் இன்றும் ஓடலாம், சட்டப்படியே. நான் வேகமாக வேலை செய்வேனா என்று அவர் கேட்டதற்கு அன்று சிரித்துச் சமாளித்தேன். இன்று கேட்டால் உண்மையைச் சொல்வேன். இல்லை ஐயா, அப்போது நானும் மெதுவாகத்தான் வேலை செய்தேன். என்னை யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.