வெற்றுத்தாளின் எல்லை

புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே நடந்தால் கோட்டக்குப்பம். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று இன்று சொல்வது கடினம். 1954 நவம்பர் வரை அது நாட்டெல்லை. பாரதியின் ‘இந்தியா’ இதழ் 1908இல் புதுச்சேரிக்கு இடம் மாறிற்று; பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையத் தடை வந்ததும் 1910இல் நின்றது. அச்சகம் இருந்தது, தாள் இருந்தது. வாசகர்கள்தாம் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள்.

அச்சிட்ட தாளைத் தடுப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அச்சிடுவதற்குத் தாளே இல்லாமற்போவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தியாவையும் இலங்கையையும் அருகருகே வைத்தால் அது தெளிவாகத் தெரியும்.

இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் புறப்பட்டவை. மத்தியப் பிரதேசத்தின் நேபா நகர் செய்தித்தாள் காகித ஆலையை நேரு 1956இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் இலங்கை அரசின் காகித ஆலை இயங்கத் தொடங்கிற்று. நேபா நகருக்கு மூங்கிலும் சலை மரமும், வாழைச்சேனைக்கு வைக்கோல்.

வைக்கோலை வயல்வயலாகச் சேகரிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் மட்டுமே கிடைக்கும். அதிலுள்ள சிலிக்கா, கூழ் காய்ச்சிய இரசாயனத்தை மீட்டெடுக்க விடாது. இழையும் குட்டை. 1979இல் தொடங்கி 1984இல் உற்பத்திக்கு வந்த நமது புகளூர் ஆலையோ கரும்புச் சக்கையைப் பிடித்துக்கொண்டது. சக்கை ஏற்கெனவே சர்க்கரை ஆலை வாசலில் குவிந்து கிடப்பது. அதைக் கொதிகலனில் எரித்துவந்த ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் கொடுத்து, சக்கையை வாங்கிக்கொண்டார்கள். எளிய பண்டமாற்றுதான், நம் கணிப்பில் இரு ஆலைகளின் தலைவிதியையும் பிரித்தவற்றில் இது முக்கியமானது. 1977க்குப்பின் இலங்கை இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. பிறகு போர். வாழைச்சேனை ஆலை நின்றும் ஓடியும் நலிந்தது.

இந்தியா தன்னிறைவு பெற்றுவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். எழுதுதாளும் அட்டையும் ஏற்றுமதி செய்யும் நாடு, செய்தித்தாள் காகிதத்தில் பெரும்பகுதியை இன்றும் வெளியிலிருந்தே வாங்குகிறது. 1972இல் அரசு நாளிதழ்களுக்குப் பத்துப் பக்க வரம்பு விதித்ததும், உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதும் இறக்குமதித் தாளைப் பங்கிடும் சச்சரவால் வந்தவையே.

ஆனால் இங்கே பக்கம் குறைந்தது. அங்கே தாளே தீர்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாண நாளிதழ்கள் பள்ளிக் கொப்பிகளின் கோடிட்ட தாளில் அச்சாயின. 2022 மார்ச்சில் டாலர் இல்லாமல் மேல் மாகாணம் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தது; சில நாளிதழ்களின் சனிக்கிழமைப் பதிப்புகள் நின்றன.

1970களின் முற்பகுதியில் தமிழக வணிக இதழ்களின் வரவை இலங்கை கட்டுப்படுத்தியது. அங்குள்ள எழுத்தாளர்கள் பலர் கேட்டுப் பெற்ற கட்டுப்பாடு அது. அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் போன்றவை தழைத்தன. இந்தியாவிலிருந்து அச்சிட்ட தாள் வேண்டாம் என்று சொல்ல முடிந்த காலம். 2023ஆம் ஆண்டுப் பள்ளிப் பாடநூல்களுக்கோ, இந்தியக் கடன் வசதியில்தான் வெற்றுத்தாள் வாங்க வேண்டியிருந்தது.