ரத்தம் கொடுத்தவரின் ரகசியம்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்தவர்கள், "ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா" என்றார்கள். நான் எழுதப் போவதோ ஒரு கோர்ட் கேஸ் பற்றி. அதற்கான காரணம் நம்ம ஹாஸ்டலில்தான் ஆரம்பிக்கிறது.

மூன்றாம் வருஷம் என்.எஸ்.எஸ். ரத்ததான முகாம். பிஸ்கட்டுக்காகவும் ஒரு பீரியட் தப்பிக்கவும் ரத்தம் கொடுத்த கோஷ்டி நாங்கள். நண்பன் ஒருவன் படிவத்தில் ஹாஸ்டல் போன் நம்பரை எழுதியிருந்தான். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன்: "அந்தத் தம்பியை மறுபடி டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க." போனை எடுத்தது வேறு ஒருத்தன். ராத்திரி சாப்பாட்டுக்குள் மெஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுபரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அதற்குள் போன நாலு நாளும் அவன் டேபிளில் யாரும் உட்காரவில்லை. நானும்தான்.

படிப்பு முடிந்து, ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் சேர்ந்தேன். "இந்த நோயாளியின் ஃபைலை யார் யார் திறக்கலாம்?" என்பது எங்களுக்கு அன்றாடக் கேள்வி. அதற்கு விடை தேடிப் போனபோதுதான் ரத்தம் கொடுத்து மாட்டிக்கொண்ட இரண்டு பேரைப் பற்றிப் படித்தேன்.

முதலாமவர் கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசூசா. அடிக்கடி ரத்ததானம் செய்தவர். 1989-இல் அவருடைய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும், அவரைத் தேடி வந்தது டாக்டர் அல்ல, போலீஸ். அன்றைய கோவா பொது சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பழைய டி.பி. சானடோரியம் ஒன்றில் 64 நாள் தனியாக அடைத்து வைத்தார்கள். அவருடைய தாயார் பம்பாய் உயர் நீதிமன்றம் போயும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. அவர் 1992-இல் காலமானார்.

இரண்டாமவருக்குப் பெயர் கிடையாது. தீர்ப்பில் அவர் 'மிஸ்டர் எக்ஸ்'. நாகாலாந்து அரசு மருத்துவர். 1995-இல் நோயாளி ஒருவருடன் மெட்ராஸ் வந்தார். ரத்தம் தட்டுப்பாட்டால் ஆபரேஷன் தள்ளிப்போக, ஜூன் 1-ஆம் தேதி கூட வந்த இவரிடமே ரத்தம் கேட்டார்கள். கொடுத்தார். டிசம்பர் 12-இல் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. அதற்குள் எச்.ஐ.வி. விஷயம் வெளியே வந்து கல்யாணம் நின்றது. ஊரே ஒதுக்கியது. நவம்பர் கடைசியில் கோஹிமாவை விட்டு மெட்ராசுக்கே வந்து தங்க வேண்டியதாயிற்று.

'ரகசியத்தைக் காக்கவில்லை' என்று ஆஸ்பத்திரி மீது வழக்குப் போட்டார். 1998 செப்டம்பர் 21-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நோயாளியின் அந்தரங்கம் உரிமைதான், ஆனால் எல்லையற்றது அல்ல. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் உயிரும் உரிமைதான் என்றார்கள் நீதிபதிகள் சாகிர் அகமதுவும் கிர்பாலும். இதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பெண் என் தங்கையாக இருந்தால் தெரிந்தாக வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. நோய் குணமாகும் வரை அவருடைய திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றது. மருந்தால் கட்டுப்படுத்தலாமே தவிர, இன்றைக்கும் இது முழுசாகக் குணமாகிற நோய் இல்லை. அப்படியானால் எத்தனை நாளைக்கு? 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமணம் பற்றிய அந்தக் கருத்துகள் இந்த வழக்குக்குத் தேவையில்லாதவை என்று ஒதுக்கியது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. தீர்ப்பு எக்ஸையும் மணப்பெண்ணையும் தராசில் வைத்துப் பார்த்தது. ஒதுக்கிவைத்த ஊர் அந்தத் தராசில் எந்தப் பக்கம்? பெண்ணுக்குத் தெரிய வேண்டிய செய்தி ஊருக்கு எதற்கு? எங்கள் மெஸ்ஸுக்கு எதற்கு?

இதற்கு ஓரளவு ஒழுங்கான பதில் 2017-இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தில் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. எடுத்த எடுப்பில் டாக்டர் வாய் திறக்க முடியாது. "நீங்களே துணையிடம் சொல்லுங்கள்" என்று முதலில் ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்து, துணைக்கு நிஜமான ஆபத்தும் இருந்தால், "நான் சொல்லப் போகிறேன்" என்று அவரிடமே அறிவித்துவிட்டு, துணையிடம் நேரில் சொல்லலாம். போனில் அல்ல. நோயாளி பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதை, வீட்டை விட்டு விரட்டல் என்று பயம் இருந்தால், அதற்கும் தனி விலக்கு உண்டு. பதிவேடுகளைப் பாதுகாக்கும் பொறுப்பை நிறுவனங்களுக்கு 11-ஆம் பிரிவு தருகிறது. எங்கள் புரோகிராமில் எந்தத் திரையை யார் பார்த்தார்கள் என்று நேரத்தோடு பதிவாவது இதனால்தான். "எதுக்கு சார் இவ்வளவு பாஸ்வேர்டு?" என்று சலித்துக்கொள்ளும் நர்ஸ் அம்மாக்களிடம் நான் மெஸ் கதையைச் சொல்வதுண்டு.

இதை எழுதலாமா என்று போன வாரம் நண்பனிடம் கேட்டேன். ரீயூனியனுக்கு அவனும் வருகிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுடா. பேரு, பிராஞ்ச், ரூம் நம்பர், மூணும் வேணாம்" என்றான். போடவில்லை.